உருளைக்கிழங்கு வேகும் நேரம்

கப்பலில் சமையலறை என்னுடையது.
அதன் வட்டச் சன்னல் ஒரு சோற்றுத்தட்டு அகலம்.
நூற்று நாற்பது பேருக்குக் கிழங்கை உலையேற்றினால்
வேகப் பதினெட்டு நிமிடம்.
பிரஷ்ஷைக் கையிலெடுப்பது அதற்குள்தான்.

பழைய மெனு அட்டைகளை நாலாக வெட்டி வைத்திருக்கிறேன்.
ஒரு பக்கம் மலை, கடல், கலங்கரை விளக்கு.
திருப்பினால் புகையிட்ட சால்மனில் பாதி,
கேரட் சூப் விலையின் கடைசி இரண்டு இலக்கம்.

ட்ரொம்சோ தாண்டி வடக்கே,
புதன்தோறும் நடுப்பகலில் அதே திருப்பம்:
முதுகு கூனிய தீவு,
அதன் காலடியில் சிவப்பாய் ஒரு படகுக் கொட்டகை.
அதே மணி, அதே சன்னல்.
அதே மலை என்று மட்டும் சத்தியம் செய்யமாட்டேன்.

செப்டம்பரில் பிர்ச் மரங்கள் பழுத்து
அடிவாரம் மஞ்சள் குளித்து நிற்கும்.
அக்டோபரில் ஒரே ராத்திரிக் காற்று,
விடிந்தால் விலா எலும்பு தெரியும்.
நவம்பர் கடைசியில் சூரியன்
போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விடும்.

பிறகு நீலம்.
இருட்டு என்பார்கள் தெற்கிலிருந்து வருபவர்கள்.
எட்டு நீலம் வாங்கினேன், எட்டும் போதவில்லை.
பதினொரு மணி நீலத்துக்குள்
மீன் செவுளின் உட்புறம்போல் கொஞ்சம் ரோஜா கசியும்.
ஒரு மணிக்குள் அதுவும் வடிந்துவிடும்.

பின்கதவைத் திறந்து தளத்தில் நின்று வரைந்தால்
தாளிலேயே உறைகிறது வண்ணம்;
வானம் இருக்க வேண்டிய இடத்தில்
பெரணி இலைகளாய்ப் பனி முளைக்கிறது.
தண்ணீரோடு கொஞ்சம் சாராயம் கலந்தேன், உறையவில்லை.
"உன் மலைகளுக்குத்தான் நல்ல வாழ்வு"
என்கிறான் எஞ்சின் அறைத் தூர்லைஃப்,
மிச்சத்தை மோந்து பார்த்தபடி.

பெர்கனிலிருந்து வந்த ஒரு பெண்மணி
எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பிவிட்டு,
"கோடை ஒன்றுகூட இல்லையே?" என்றார்.
இல்லை.
இரவு பகலாய் உட்கார்ந்திருக்கும் வெளிச்சத்தை
யார் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள்?
அவர் ஒரு நவம்பரை வாங்கிக்கொண்டார்,
விலை இருந்த பக்கத்தைப் பார்த்துச் சிரித்து.

சூரியன் திரும்பும் நாளில் இங்கே
பன் தின்ன வேண்டும். உருண்டையாய், உள்ளே ஜாம் வைத்து.
அதைப் பொரிப்பவள் நான்.
எனவே பத்தொன்பது வருடமாய்
அந்தத் திருப்பத்தின் முதல் சூரியன்
மேலே தளத்தில் எழும் கைதட்டலாக மட்டும்
எனக்குத் தெரியும்.
இரு தீவுகளின் இடுக்கில் நாலு நிமிடம்.
நாலு நிமிடத்தில் எண்ணெயில் ஒரு ஈடு திரும்பும்.

போன வருடம் தூர்லைஃப் படியிறங்கி வந்து
ஓர் அட்டையை மாவின்மேல் வைத்தான்.
என் பிரஷ்தான், கேட்காமல் எடுத்திருக்கிறான்.
மலை ஒரு பக்கம் சரிந்திருந்தது.
மூலையில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை.
நடுவில், சூரியன் இருக்க வேண்டிய இடத்தில்,
பச்சையாய் ஒரு பொட்டு.

பச்சையா?
"பச்சைதான். முதல் விளிம்பு. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது."
குடித்திருந்தாயா?
"உன் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை."

இந்த வருடம் கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு
ஏப்ரனோடு மேலே ஓடினேன்.
பயணிகள் எல்லோரும் தெற்கே பார்த்து நின்றார்கள்.
மேகம்.
நாலு நிமிடமும் மேகம், பிறகும் மேகம்.
ஒரு குழந்தை மட்டும் எதற்கோ கைதட்டியது.

நீர்வண்ணத்தில் வெள்ளையை யாரும் பூசுவதில்லை,
தாளை அப்படியே விட்டுவைப்பதுதான் வெள்ளை.
சாம்பல் நிறத்தை இழுத்துக்கொண்டே வந்து
இடுக்கில் ஒரு பருப்பளவு சுற்றிப் போனேன்.
அது பச்சைக்கா, வெறும் வெள்ளைக்கா
என்று இன்னும் முடிவாகவில்லை.

கீழே ஒரு ஈடு முழுக்கக் கருகியிருந்தது.
ஜாம் பக்கமாகப் பார்த்துத் தின்றார்கள் ஜனங்கள்.
தூர்லைஃப் மூன்று தின்றான்,
கேட்டான்: "பார்த்தாயா?"
கிழங்கை உலையேற்றினேன்.