செவ்வாயும் வெள்ளியும்

சுன்வோர் தன் மகனைப் பார்க்க வந்தபோது
தோர்ஷாவ்னில் மதியம் இரண்டரைக்கே இருட்டு.
நனைந்த கம்பளிக் கையுறையை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடைசிவரை கையிலேயே வைத்திருந்தாள்.

ஹொக்னிக்குப் பத்தொன்பது வயது.
கால்பந்தாட்டத்தின் இடைவேளையில்
பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவன்
நிமிரவில்லை.
தோளிலிருந்து மிளகளவு தோல் எடுத்து
எனக்கு அனுப்பினார்கள்.
பதினோரு மாதமாக அது
முப்பத்தேழு பாகைச் சூட்டில்
தட்டையான குடுவையொன்றில்
பெருகிக்கொண்டிருக்கிறது.

நுண்ணோக்கியின் நாற்காலியைத் தாழ்த்திக் கொடுத்தேன்.
நெடுநேரம் குனிந்திருந்தாள்.
நிமிர்ந்தாள்.
"இது அவனா?"

"அவனுடையது" என்றேன்,
ஒரு வேற்றுமை உருபின் பின்னால் ஒளிந்துகொண்டு.

இதயம் கொழுப்பை எரித்து ஓடுகிறது.
எரியும் அறைக்குக் கொழுப்பை ஏற்றிச்செல்லும் படகு
கார்னிட்டின்.
படகு தானாகச் செல்லுக்குள் வராது.
சவ்வில் அதற்கென்று ஒரு வாசல்;
சோடியம் நுழையும்,
அதன் விரலைப் பிடித்துக்கொண்டு
கார்னிட்டினும் நுழையும்.
ஐந்நூற்று ஐம்பத்தேழு அமினோ அமிலங்கள்
வரிசையாகக் கோத்து மடிந்த வாசல் அது.
ஹொக்னிக்கு முப்பத்திரண்டாம் இடத்தில்
வேறொன்று உட்கார்ந்திருந்தது.
அவ்வளவுதான் பிழை.
மெய்யில் ஒரு புள்ளி
விட்டுப்போனதுபோல.

இவ்வளவையும் சொன்னவன்
அன்று காலைச் சோதனையைச் சொல்லவில்லை.
கதிரியக்கக் குறியிட்ட கார்னிட்டின்,
இரண்டு குடுவை, பத்து நிமிடம்,
பனிநீரில் மூன்று அலசல்,
பிறகு எண்ணும் கருவி.
யாரோ ஒருவரின் நலமான தோல்:
ஆயிரத்து நூற்று நாற்பது.
ஹொக்னி: ஐம்பத்திரண்டு.

அந்த ஐம்பத்திரண்டில்
மேலே ஒட்டிக்கொண்டது எவ்வளவு,
மெய்யாகவே உள்ளே போனது எவ்வளவு
என்றுதான் மூன்று மாதமாகத் தேடுகிறேன்.
பூஜ்யமாக இருந்தால்
கட்டுரையை முடித்திருப்பேன்.
பூஜ்யமில்லை.
வாசல் ஒருக்களித்துத் திறக்கிறது,
பூனைக்குட்டிகூட நுழையமுடியாத அளவுக்கு.

நான்கு பக்கமும் உப்புத் தண்ணீர்.
துறைமுகம் நிறைய எண்ணெய்.
படகைத்தான் உள்ளே விடவில்லை.
குறிப்பேட்டில் இப்படி எழுதினேன், அடித்தேன்.
அட்டவணைக்குக் கீழே
இதற்கெல்லாம் இடமில்லை.

"இவை என்ன சாப்பிடும்?"

கன்றுக்குட்டியின் சீரம்,
கொஞ்சம் சர்க்கரை, உப்பு.

"எப்போது?"

செவ்வாயும் வெள்ளியும்.

தலையசைத்தாள்,
புதுப் பள்ளியின் நேரத்தைக் கேட்டுக்கொள்கிறவளைப்போல.

கதவருகே போனபின்தான்
இளையவளைப் பற்றிச் சொன்னாள்.
மர்யுனுக்கும் அதே முப்பத்திரண்டாம் இடம்.
அண்ணன் போன மாதமே
விரல்நுனியில் ஒரு சொட்டு
காட்டிக்கொடுத்துவிட்டது.
நாளைக்கு மூன்று வேளை கார்னிட்டின் குடிக்கிறாள்.
வெளியே வெள்ளமாய் நிறைத்தால்
ஒருக்களித்த வாசலிலும் கொஞ்சம் கசியும்.
இந்த ஊரில் அப்படித்தான்
பல பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

"வேர்வையில் மீன் நாற்றமாம்.
வகுப்பில் சிரிப்பார்களென்று அழுதாள்.
அடிப் பைத்தியமே,
இந்தத் தீவில் மீன் நாறினால்
யாருக்கடி தெரியப்போகிறது என்றேன்."

சிரித்தாள்.
நானும் சிரித்தேன்,
அவள் நிறுத்தியபோது
எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை.

அவள் போனபின் தரையில்
கையுறை சொட்டிய ஈரம்.
சுத்தமான அறை, உடனே துடைக்கவேண்டும்.
துடைத்தேன்.
குடுவையை வெளியே எடுத்தேன்.
அன்று வியாழன்தான்.
இருந்தாலும் உணவு மாற்றினேன்.