எண்பத்தேழு டிகிரி

நூறு டிகிரியில் நீர் கொதிக்கும் என்கிறது
நகலெடுத்த புத்தகத்தின் பதினான்காம் பக்கம்.
எல் ஆல்ட்டோவில், பசிலியாவின் பானையில்
எண்பத்தேழிலேயே தளதளக்கிறது.
உருளைக்கிழங்குதான் வேகமாட்டேன் என்கிறது.

நாலாயிரத்து நூறு மீட்டர்.
மேலிருந்து அமுக்க அவ்வளவு காற்று இல்லை;
நீருக்கு விடுதலை இங்கே மலிவு.
ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறாள்:
அழுத்தம் சொல்லாமல் கேட்டால்
பதில் சொல்லாதே.

பகலில் சந்தையில் கம்பளி நூல் விற்பவள்.
மாலை வகுப்புக்கு லா பாஸ் இறங்கும்
கம்பிவட வண்டியில், மடியில் புத்தகம்,
எதிரே தூங்கி வழியும் ஒரு காவலாளி.
நிலைச்சார்பு: வந்த வழியைக் கேட்காதது.
அந்தரத்தில் தொங்கிப் போனாலும்
செவேரோவின் மினிபஸ்ஸில் மடங்கிப் போனாலும்
இறங்கிய உயரம் அதே நானூறு மீட்டர்.
வெப்பம் அப்படியில்லை. வேலையும்.
அவை வழியை நினைவில் வைத்திருக்கும்,
அவளுடைய முழங்காலைப் போல.

முதல் விதி அவளுக்குக் கல்லாப்பெட்டி.
வந்தது, போனது, மிச்சம்.
இரண்டாம் விதியில் மூன்று வாரம் போயிற்று.
நேற்று ஒரு மைனஸ் குறி தப்பி
பனிக்கட்டி கொதிநீரைச் சூடாக்கிவிட்டது.
தனியாக அவள் சிரித்த சிரிப்பு
பக்கத்து அறைவரை கேட்டிருக்கும்.

இன்று பதினொன்றரைக்கு அடுப்பு அணைந்தது.
சிலிண்டர் காலி.
இரும்பை இரும்பால் தட்டிக்கொண்டு வரும் வண்டி
இனிச் செவ்வாய்க்கிழமைதான்.
கிழங்கின் நடுவே இன்னும் கல்.
சூப் அறைக்குக் கொடுக்கிறது, அறை தெருவுக்கு,
தெரு, யாரும் திருப்பித் தராத அந்த இருட்டுக்கு.

ஆறுகிறது.
அவள் அறியாத என் மொழியில்
சூப்பும் புண்ணும் கோபமும்
ஒரே வினைச்சொல்லில்தான் ஆறுகின்றன.
தானாக ஆறும்.
தானாகச் சுட்டதாக யாரும் சொன்னதில்லை.

போர்வையை இழுத்துவிட்டுப் பக்கம் புரட்டுகிறாள்.
கட்டிலா ஆற்றலின் மாற்றம்
எதிர்க்குறி பெற்றால் வினை தன்னிச்சையானது.
கீழே பொடி எழுத்தில்:
நிகழக்கூடும் என்பதே பொருள்.
எப்போது என்று இந்தச் சமன்பாடு சொல்லாது.

அடிக்கோடிடுகிறாள்.
மூன்று நாளாக
சிலிண்டர் கொண்டுவருகிறேன் என்கிறான் செவேரோ.

வேகாத கிழங்கைப் பச்சைமிளகாய் விழுதில் தொட்டு
கடித்தபடி
ஒன்பதாம் கணக்கு.
இதிலாவது அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள்.