வினைமுற்று

கல் ஏழடி. கறுப்பு. பர்கூர்ப் பக்கம் வெட்டியது.
எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய்,
மெய்யின் மேல் புள்ளிக்குத் தனியாக வாங்குவதில்லை.
ரப்பர் தாளை ஒட்டி மணல் பீய்ச்சினேன்.
கிறிஸ்துவின் பெயரால்
என்ற இரண்டு சொல் இறங்கியதும்
போன் வந்தது ஓடைக்கொட்டாயிலிருந்து:
"திம்மராயா, மிஷினை நிறுத்து."

தாளில் மீதி இருந்தது:
அருள்தந்தை இவ்வூரை நிறுவினார்.

அந்த நிறுவினாரில்தான் சண்டை.

பஸ் போர்டில் அது சூசையூர்.
பட்டாவில் ஓடைக்கொட்டாய்.
கிருஷ்ணகிரி டவுன் பஸ்ஸில் ஏறி
எந்தப் பெயரைச் சொன்னாலும்
ஒரே டிக்கெட்தான்.

மாலையில் நானும் போனேன், அளவு நாடாவோடு,
பாக்கிப் பணம் கேட்கலாம் என்று.
மாதையன் நின்றபடியே பேசினார்:
"எங்க முனியப்பன் இருந்தான் முன்னாடி.
அப்புறந்தான் வந்துச்சு உங்க மணி."
இஞ்ஞாசி வாத்தியார் எழுந்தார்:
"அறுபது ரூபாய்க்கு நிலம் வாங்கின பத்திரம் இருக்கு.
முனியப்பன் பேர்ல பத்திரம் இருந்தா எடுத்துட்டு வாங்க."
யாரோ சிரித்தார்கள்.
சிரித்தது தப்பு என்று ஒரு கால் மணி நேரம்.

கல்லுக்குக் காசு கொடுத்த புஷ்பநாதன்
டல்லாஸிலிருந்து ஸ்பீக்கரில் பேசினான்.
அங்கே அப்போது விடிந்துகொண்டிருந்ததாம்.
"இங்கயும் இதே தகராறுதான்,
இந்த நாட்டையே வேதத்து மேலதான் கட்டினாங்கன்னு பாதிப் பேர்,
இல்லவே இல்லைன்னு மீதிப் பேர்,
இருநூத்தம்பது வருஷமா ஓயலை.
நம்ம ஊர்லயாவது கல்லுல போட்டு முடிச்சிடுங்க."
சிக்னல் போனது.
யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

பங்கு ஆபீஸ் செலின்
பழைய ஏட்டை மடியில் வைத்துப் பிரித்தாள்.
கரையான் தின்ற ஓரம் அவள் சேலையில் உதிர்ந்தது.
தாது வருஷப் பஞ்சம். முதல் பக்கம்.
சாமியார் கை எழுத்து, சாய்ந்து, அவசரமாய்.
வாசித்தாள்:
"கஞ்சிக்கு வந்தவர் நூற்றுப் பன்னிரண்டு.
ஞானஸ்நானம் நாற்பத்தொன்று."

வாத்தியாருக்கு முகம் மலர்ந்தது.
"நாப்பத்தொண்ணு! பாத்தீங்களா!"

கணக்கு எல்லோர் மனதிலும் ஓடியிருக்கும்,
வாய்விட்டுக் கழித்தது கெம்பண்ணன்,
டிராக்டர் ஓட்டுகிறவர், சாவியைச் சுழற்றிக்கொண்டே:
"மீதி எழுவத்தொண்ணு?"

ஒருவரும் பேசவில்லை.
"நாங்கதான் அது," என்றார்.
"கஞ்சி ஊத்துனது அவரு. இல்லைன்னு யாரு சொன்னா?
தண்ணி தலையில ஊத்திக்காதவனுக்கும் ஊத்தியிருக்காரே,
அதை எழுதுங்க முதல்ல."

மாதையன் உட்கார்ந்தார்.
இஞ்ஞாசி வாத்தியார் மட்டும் விடவில்லை:
"சரி, பேர்? ஊருக்குப் பேர் வெச்சது யாரு?"
அது தனிச் சண்டை. அது இன்னும் நடக்கிறது.

பிறகு என்னைப் பார்த்தார்கள்.
வெட்டிய எழுத்தை அழிக்க முடியுமா?
முடியாது.
முகத்தையே ஒரு விரற்கடை தேய்த்து எடுக்கணும்,
பாலிஷோடு பதினாலாயிரம்.
பதினாலாயிரம் என்றதும்
கிறிஸ்துவின் பெயரால் இருக்கட்டும் என்றார்
மாதையனே.

நம் பாஷையில் நல்ல காலம், வினை கடைசியில் வருகிறது.
தொடங்கிய வாக்கியம் எங்கே போகும் என்று
முற்றுப்புள்ளி வரை யாருக்கும் தெரியாது.
புஷ்பநாதன் இருக்கிற நாட்டுப் பாஷையில்
வினை முன்னாலேயே வந்து நின்றுகொள்ளுமாம்.
வாத்தியார் சொன்னார். எனக்கு அது தெரியாது.

ராத்திரி பத்து மணிக்கு முடிவானது:
கிறிஸ்துவின் பெயரால்
காய்ச்சிய கஞ்சிக்கு
நூற்றுப் பன்னிரண்டு பேர்
பிழைத்த இடம்.

செலின் ஏட்டை மூடாமல் இருந்தாள்.
"அடுத்த பக்கம் அடக்கக் கணக்கு," என்றாள்.
"அதே மாசம். முப்பத்தெட்டு.
எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு எழுதலை."

பிழைத்த என்பதை அடித்துவிட்டு
வந்த என்று போட்டேன்.
ஓரெழுத்துக் குறைந்தது,
பதினெட்டு ரூபாய் எனக்கு நட்டம்.