அரைப்பேர்

சுங்காய் பெரிய ரோட்டில்
செம்பனை லோரிகள் மூச்சு வாங்க நிற்கும் வளைவுக்கு எதிரே
குணாளன் அண்ணன் கடை.
பதினொன்றிலிருந்து மூன்றுவரை வாழையிலைச் சாப்பாடு.
மற்ற நேரமெல்லாம் ரொட்டி, தே தாரிக், யார் ஜெயிப்பார் என்ற பேச்சு.

தண்ணீர் வைப்பேன், இலை போடுவேன்,
பொரியல் தீர்ந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்வேன்.
சிரிப்புக்குத் தனிக் கணக்கு.
கல்லாவுக்குப் பக்கத்தில் மைலோ டின்,
மூடியில் கத்தியால் கீறிய வாய்.

ஈப்போ போகும் குடும்பங்கள் நோட்டாகப் போடும்,
பிள்ளையைத் தூக்கி அதன் கையாலேயே.
லோரி ஓட்டும் சன்னாசி போடமாட்டார்;
தம்ளரைத் தானே எடுத்துப்போய்த் தொட்டியில் வைப்பார்.
ஒருவர் என் கையைப் பிடித்து உள்ளே பத்து வெள்ளி வைத்தார்.
விடுவதற்கு நேரமாயிற்று.
அதுவும் டின்னுக்குள்தான் போயிற்று.
இலைக்கு அடியில் விட்டுப்போகிறவர்களும் உண்டு:
ரசத்தில் ஊறிய ஒரு வெள்ளியைக் கழுவி
சோற்றுப்பானை மூடிமேல் காயவைப்பேன்.

பின்கட்டில் ரஃபிக்குல்.
தம்ளர் தம்ளராகக் கழுவுகிறவனை யாரும் பார்ப்பதில்லை,
பார்க்காதவனுக்கு யார் போடுவார்?
பங்கு பிரிக்கையில் கூப்பிடுவோம்.
ஈரக்கையோடு வந்து எண்ணாமல் வாங்கிப்போவான்.

மாதக் கடைசி.
அண்ணன் டின்னைக் கவிழ்த்தார்.
சில்லறையோடு ஒரு சட்டைப் பொத்தானும்
ஹாட்யாய் போய்வந்த யாரோ போட்ட தாய்லாந்துக் காசும்.
பொத்தானை நேர்மையாக ஒதுக்கிவைத்தார்.
தாய்லாந்துக் காசை ஒரு வெள்ளியாக எண்ணினார்.
பிறகு சீட்டில் எழுதினார்:
அடிப்படை ஆயிரத்து நூறு. டிப்ஸ் அறுநூறு.
‘மொத்தம் ஆயிரத்து எழுநூறு.
சட்டம் கேக்குறது அவ்வளவுதானே, லோகே?’

என் பங்கு நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி எழுபது காசு.
ஆர்டர் புத்தகத்தின் பின்னட்டையில் நாள்வாரியாக இருக்கிறது.
மழை பிடித்த செவ்வாய், மூன்று.
தைப்பூசத்துக்கு முந்தின சனி, ஐம்பத்தொன்று.
எனக்குக் காய்ச்சல் அடித்த திங்கள்,
ஒன்றுமில்லை.

அம்மா கித்தா வெட்டிய காலத்தில்
பத்து மணிக்கு மழை வந்தால் அரைப்பேர்.
கிராணி செக்ரோலில் பாதிதான் போடுவார்.
மழை அம்மாவின் குற்றமில்லை.
கிராணியின் குற்றமும் இல்லை என்றார்கள்.
மரம் போனது, தோட்டம் போனது,
அந்த இடத்தில் வரிசை வீடு வந்து அதில் ஒன்றுக்கு
நான் வாடகை கட்டுகிறேன்.
இப்போது என்மேல் பெய்வது
காரில் வருகிறவர்களின் மனசு.
சாம்பாரில் உப்புக் கூடினாலும்
எனக்குத்தான் அரைப்பேர்.

போடுகிறவர் போடட்டும் அண்ணே, வேண்டாம் என்கவில்லை.
மகளுக்கு அன்றைக்கு ஒரு கோழித்துண்டு கூட.
ஆனால் அது அவர்கள் எனக்குத் தந்தது.
உங்கள் கடனை அடைக்கச் சொல்லி
யாரும் அந்த டின்னில் போடவில்லை.
வீட்டுக்காரர் நான் சிரித்தால்
வாடகையைக் குறைக்கிறவரும் இல்லை.

இவ்வளவும் மனசுக்குள்.
வாயில் வந்தது வேறு.
சீட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.
‘லோகே இல்லண்ணே. லோகேஸ்வரி.
பேரை முழுசா எழுதுங்க.
அதுக்குக் கீழ இருக்குற வரியையும்.’

பேனாவைத் திறந்தார். மூடினார்.
மேலே காற்றாடியைப் பார்த்தார், அது என்னவோ சொன்னதுபோல.
‘யோசிப்போம்.’
பின்கட்டில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.
திரைக்கு அந்தப்பக்கம் ரஃபிக்குல்,
கை துடைக்காமல்.

ஐந்தாம் மேசையில் யாரோ ரசம் கேட்டார்கள்.
போனேன்.
சிரிக்காமல் ஊற்றினேன்.
அதே ரசம்தான்.
குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார்.