அரைப்பேர்

தரம் ஆறு. பொகவந்தலாவையில் மூன்றாம் நாளாய் மழை.
தகரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்தி
மகா சிம்பாப்வே என்றேன்.
சாந்தில்லை, சுண்ணாம்பில்லை,
கல்மேல் கல். எழுநூறு வருஷமாய் நிற்கிறது.

"எங்க லயத்துப் பின்னால கல்லுக்கட்டும்
அப்பிடித்தான் டீச்சர்."
லோகிதன் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

வெண்கட்டி தேய வளைந்த மதிலை வரைந்தேன்.
உயரம் பதினொரு மீட்டர்.
எழுதிக்கொண்டார்கள்.

பின்வாங்கில் சுபாங்கினி,
ஈரக்குடையைக் காலிடுக்கில் வைத்தபடி:
"மழை நாள்ல கல்லு கொறஞ்சா
அவங்களுக்கும் அரைப்பேரா?"

புத்தகத்தைப் புரட்டினேன்.
அரசன் இருக்கிறான், பொன் இருக்கிறது,
சீனத்துப் பீங்கான்கூட இருக்கிறது.
மணி அடித்துவிட்டது.

மறுநாள் பலகையில்
மதிலடியில் ஒருத்தி நின்றாள்,
இடுப்பில் படங்கு கட்டி.

திகதியை மட்டும் மாற்றினேன்.