படுத்துக் காட்டினார்

ஞாயிறு இரவு எட்டரை.
பி புளோக்கின் அடியில் பாலர் பள்ளி வகுப்பறை.
குட்டி நாற்காலிகளில்
முழங்கால் நெஞ்சைத் தொட நாற்பத்தொரு பேர்.
குறிப்பெடுப்பது நான்.
கையெழுத்து தெளிவு என்று சொல்லிச்
செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

பொம்பாவிலிருந்து துவான் ஹைருல் வந்திருந்தார்.
சுவரில் பிள்ளைகள் வண்ணம் தீட்டிய கோழிக்குப் பக்கத்தில்
வரைபடத்தை ஒட்டினார்.
ஆயர் ஈத்தாம் முழுவதும்
மேசைத்துணி அகலத்தில்.
நிலையத்திலிருந்து எங்கள் வாசலுக்குச்
சிவப்பில் ஒரு கோடு.
பத்து நிமிடம் என்றார்.
மலைக்கோயிலில் சீனப் புத்தாண்டு விளக்கேற்றும் நாட்களில்
அதுவும் நிச்சயமில்லை என்றார்.
பொய் சொல்லாத மனிதர்.

ஆளுக்கு மூன்று பச்சை வில்லைகள்.
எது முதலில் வேண்டுமோ அதன்மேல் ஒட்டவேண்டும்.
கூடுதல் ஆம்புலன்ஸ்.
ஹைட்ரண்டில் தண்ணீர்.
வண்டி நுழைய வழி.

மேடம் ஊய் மூன்றையும் வழிக்கே ஒட்டினார்.
வழியை அடைத்து இரட்டை வரிசையில் நிற்பவற்றில்
ஒன்று அவர் மகனுடைய கார்.
கூட்டம் சிரித்தது, அவரும்தான்.

காக் ரொஸ்னா எழுந்தார்.
பதினான்கு ஆகாத எண் என்று
பதின்மூன்று-ஏ என எழுதி வைத்திருக்கிறீர்கள்.
நோன்பு மாதத்தில் என் அடுப்பு பற்றியபோது
பதின்மூன்றாம் மாடியில்
'ஏ' வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
எழுதிக்கொள், என்றார் என்னைப் பார்த்து.
எழுதிக்கொண்டேன்.

அங்கப்பன் எதையும் ஒட்டவில்லை.
உள்ளங்கை வியர்வையில் வில்லைகள் சுருண்டிருந்தன.
"வாங்க துவான்,
லிஃப்ட் வரைக்கும்."

போனோம், எல்லோரும்.
வந்து நின்றது,
சிகரெட்டால் சுட்ட பொத்தான்களோடு.
செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார்,
யாரோ வீட்டுக்குள் நுழைவதுபோல.
பிறகு மல்லாந்து படுத்தார்.
நேராக முதலில்.
கோணலாக ஒருமுறை.
உயரமான ஆளல்ல.
கதவு வந்து கணுக்காலில் இடித்தது,
திறந்தது,
யோசித்தது,
மறுபடி வந்து இடித்தது.

போன ஆண்டு தவமணியை
நாற்காலியில் வைத்துத்தான் இறக்கினார்கள்
பதினொரு மாடியும், படிவழி.
உட்காரும் நிலையில் இல்லை அவள்.
இதை அவர் சொல்லவில்லை.
சொல்லத் தேவையில்லை.
ஒவ்வொரு திருப்பத்திலும்
அவள் தலை சாயாமல் பிடித்தவள் நான்.

துவான் ஹைருல் தொப்பியை எடுத்தார்.
அளவு நாடா இருக்கிறதா என்று கேட்டார்.
தையல்காரி பத்துமுத்துவின் கழுத்திலேயே தொங்கியது.
மண்டியிட்டு அளந்தார்:
ஆழம் நூற்றுப் பத்து.
தூக்குப்படுக்கை நூற்றுத் தொண்ணூறு.
இரண்டு எண்ணையும் ஒருமுறைதான் சொன்னார்,
மெதுவாக.

வகுப்பறைக்குத் திரும்பியதும்
சிவப்புக் கோட்டின் முனையில் பேனாவை வைத்தார்.
வாசலோடு முடிகிறது வரைபடம்.
நாங்களோ வாசலுக்கு மேல்
ஒருவர் தலையில் ஒருவராக வாழ்கிறோம்.
தாளின் விளிம்பைத் தாண்டி
கோழியின் கொண்டைவரை கோட்டை இழுத்துப்
பதினொன்று என்று எழுதினார்.
மாடியா, நிமிடமா,
யாரும் கேட்கவில்லை.

காலையில் வேலைக்கு இறங்கும்போது பார்த்தேன்:
லிஃப்ட் கதவில் கணுக்கால் உயரத்தில்
மூன்று பச்சை வில்லைகள்.

குறிப்பை நேற்றுதான் சுத்தமாக எழுதினேன்.
மாநகர் மன்றத்துக்குப் போகிற தாள்.
'ஐந்து. லிஃப்ட். திரு. அங்கப்பன் விளக்கமளித்தார்.'
விளக்கமளித்தார் என்பதை அடித்துவிட்டுப்
படுத்துக் காட்டினார் என்று எழுதினேன்.
அலுவல் மொழி இல்லை அது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்தில் 'நடவடிக்கை' என்றொரு கட்டம்.
அகலமான கட்டம்.
ஒரு ஆள் படுக்கலாம்.