நீலம் தீர்ந்த வாரம்

அந்த வாரம் கருங்கலில் நாலு சாவு.
இறந்தவர்களுக்குப் பின்னால் வானம் வேண்டும்,
பிளக்ஸ் தொழிலில் அது எழுதாத சட்டம்.
நாலு வானம் அடித்து முடித்தபோது
மெஷினில் நீலம் அடிமட்டத்தில் கிடந்தது.
நாகர்கோவிலிலிருந்து மை வர சனிக்கிழமை ஆகும்.

வியாழன் இரவு ததேயுஸ் சார் வந்தார்.
குளச்சலில் மாணவர் ஓவியப் போட்டி,
பத்துக்கு எட்டு, ஒரு பேனர், விடியுமுன் கட்டணும்.
பென்டிரைவில் பதினாறு முகங்கள்:
தலைவர், உபதலைவர், புரவலர்,
கோப்பை வாங்கித் தந்த நகைக்கடைக்காரர்,
அவருடைய மச்சினன்.
பிள்ளைகள் வரைந்த படம் ஒன்றாவது இருக்கா என்றேன்.
"அதுக்கு இடம் எங்க இருக்கு, றெஜினா?"

பதினோரு வருஷம் விளம்பரம் அடித்ததில்
நான் கற்றது கொஞ்சம்தான்.
ஓடுகிற பஸ்சிலிருந்து ஒருவன் மூன்று வார்த்தை வாசிப்பான்,
நாலாவதுக்குள் வண்டி பாலப்பள்ளம் வளைவில் திரும்பிவிடும்.
சொன்னால், "பைய வாசிக்கட்டும்" என்பார்கள்.
சிரிக்கிற முகத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை,
கடன் கொடுத்தவனைத் தவிர.

முகங்களுக்குக் கீழே மிஞ்சிய பாதியில்
ஒரு கடல் வைத்தேன், ஒரு வள்ளம்,
கரையில் நாலு தென்னை.
தேதியைக் கடலுக்குப் பக்கத்தில்,
அதே நீலத்தில்.
இருக்கிற மை போதும் என்று நினைத்து
மெஷினை ஓடவிட்டு உறங்கிப்போனேன்.
விஜின் விடியுமுன் வந்து
சுருட்டி பைக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஏழு மணிக்கு முதல் போன்.
"போட்டி எப்பளாக்கும்?"
பேனரில் இருக்கே என்றேன்.
"இல்லியே."
ஏழேகாலுக்கு அடுத்தது.
எட்டு மணிக்கு நான் பஸ்சில் இருந்தேன்.

குளச்சல் பஸ் நிலையத்துச் சுவரில்
பதினாறு பேரும் அவித்த நண்டு நிறத்தில் சிரித்தார்கள்.
தென்னைகளுக்கு மஞ்சள் காமாலை.
கடல் இல்லை. தேதி இல்லை.
வெறும் வெள்ளையில் வள்ளம் மட்டும்
யாரோ பிடித்திருந்த கையை விட்டதுபோல
தொங்கிக்கொண்டிருந்தது.

கீழே புத்தகப்பைகள் குவிந்து கிடந்தன.
நீல பால்பேனாவால் அலை போட்டுக்கொண்டிருந்தான் ஒருவன்.
பக்கத்தில் ஒருத்தி சிவப்பில்.
"கடல் செவப்பாட்டி?"
"இது சாயங்காலம்."
மேலும் கேட்காமல் அவன் தள்ளி நின்று
அவளுக்கு இடம் விட்டான்.

தேதி இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ பத்து என்று எழுத,
இன்னொரு கை அடித்துப் பதினேழு என்று எழுத,
அதையும் அடித்து "ஹெச்.எம்.கிட்ட கேளு" என்றிருந்தது.
கண்டக்டர் ஒருவர் பத்துதான் என்று சத்தியம் செய்தார்.
மீன்கூடையோடு நின்ற பெண்
தன் மகனுக்குப் போன் போட்டாள்.
எனக்கு வாயைத் திறக்கத் தோன்றவில்லை.

பத்தாம் தேதி
பள்ளி மண்டபத்தில் இடம் போதாமல்
சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்தார்கள்.
சிவப்புப் பேனாக்காரி பரிசு வாங்கவில்லை.
"புரவலர் போட்டோ போட்டதாலதான் இவ்வளவு கூட்டம்"
என்று ததேயுஸ் சார் மைக்கில் சொன்னார்.
பிறகு பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நீலம் இல்லல்லா, அதுக்கு எவ்வளவு குறைப்பே?"
இருநூறு குறைத்தேன்.

அடுத்த மாதம் திங்கள்சந்தை ஜவுளிக்கடைக்காரர்:
"அந்தக் குளச்சல் பேனர் மாதிரி ஒண்ணு வேணும்.
ஆனா எல்லாக் கலரும் இருக்கணும்."
நான் ரொம்ப யோசித்து
ஒரு சேலையை வரைந்து
முந்தானையை மட்டும் வெள்ளையாக விட்டேன்.
நாலு நாள் கழிந்து போய்ப் பார்த்தேன்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
மூலையில் யாரோ
ஒரு போன் நம்பர் எழுதி,
அதையும் அடித்திருந்தார்கள்.